மன்னனான நாடோடி: மலையக இரசனை பற்றிய ஒரு நோக்கு

எம்.ஜி.ஆர். தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்த 'நாடோடி மன்னன்' 1958ஆம் ஆண்டு வெளிவந்தது. கலைநோக்கில் அதன் குறைகள் வெளிப்படையானவை. மூன்றரை மணி நேரத்தையும் தாண்டும் நீளம். தற்செயல்களாற் பின்னப்பட்ட கதை. உருவொற்றுமை என்னும் பழைய உத்தி. ஒற்றை வாளாற் பலரை வெல்லும் வீரன். முதற் காட்சியில் நல்லவனாகத் தோன்றுபவன் இறுதிவரை நல்லவனே.

யதார்த்தத்தை அளவுகோலாகக் கொண்ட திறனாய்வு இத்தகைய படங்களைக் கனவுச்சரக்கென ஒதுக்கியது. எம்.ஜி.ஆர். படங்கள் குறித்து எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் இன்னும் கடுமையானது. திரையில் வளர்ந்த பிம்பமே ஏழைகளைச் சிறைப்படுத்தியது என்பது அதன் வாதம்.

ஆயினும் ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டமக்கள் இப்படங்களை விரும்பிச் சுவைத்தனர். அதை அறியாமையென்று தள்ளிவிடுதல் எளிது, ஆனால் பொருந்தாது. எம்.ஜி.ஆர். 1917இல் நாவலப்பிட்டியிற் பிறந்தவர் என்னும் உரிமையுணர்வு ஒரு காரணமாகலாம். அதனினும் ஆழமான காரணத்தை வரலாற்றிலே தேடவேண்டும். 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் 7 பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சமூகம் இது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதன் பெரும்பகுதி குடியுரிமையையும், 1949இல் வாக்குரிமையையும் இழந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கிற்று. நாடற்றவர் என அழைக்கப்பட்ட மக்களின் முன்னே நாடோடியொருவன் அரியணையேறி ஏழைகளுக்காகச் சட்டம் இயற்றினான். லயத்துக் காம்பராவிலிருந்து வந்தவர்க்கு அது வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருந்திருத்தல் இயலாது.

மேலும், காமன்கூத்திலே எரிந்த காமன் மீண்டெழுவதைக் கண்டு பழகியவர் இவர்கள். அக்கூத்தை நோக்குவோர் நம்பகத்தன்மையை வினவுவதில்லை. தாம் வேண்டிய நீதி நிகழக் காண்கின்றனர். கூத்தறிந்த இவ்விரசனையும் ஓர் அறிவே.

எனினும் சுவைத்தல் வேறு, குறை பொறுத்தல் வேறு. துடிப்பும் துணிவும் மிக்க மதனா இடைநடுவே கதையிலிருந்து அகற்றப்படுகிறாள். கொழுந்தெடுக்கும் பெண்ணின் உழைப்பில் நிற்கும் மலையகம் இதனைச் சிறு குறையாகக் கொள்ளலாகாது. அன்றியும், படத்திலே நீதி மேலிருந்து வழங்கப்படுகிறது. மலையகத்தில் நிகழ்ந்ததோ வேறு. பறிபோன குடியுரிமை பல பத்தாண்டுகாலப் போராட்டத்தின் பின்னரே படிப்படியாக மீண்டது. எஞ்சியோர்க்கான சட்டம் 2003இல் நிறைவேறியது. எந்த மன்னனும் அதனை அருளவில்லை.

ஆகவே, படத்தின் குறைகளைக் கூறும் திறனாய்வாளர் கூற்று பிழையன்று. அது பாதி உண்மை. மக்கள் அதில் எதைக் கண்டு மகிழ்ந்தனர் என்பது மறுபாதி. முன்னதை மட்டும் எழுதும் திறனாய்வு படத்தை அளந்துவிடும்; அதைப் பார்த்தவர்களை அறியாது.