சயாம் ரயில் பாதை: வாந்திபேதி கொன்றதா, ராணுவம் கொன்றதா?

திண்டுக்கல் அன்று மதுரை மாவட்டத்துக்குள் இருந்தது. மானாவாரியை நம்பிய இந்தப் பக்கத்து ஊர்களிலும் கங்காணிகள் ஆள் கூட்டினார்கள்; கூட்டியவர்களை மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் இறக்கினார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. தோட்டத்தில் வேலையும் நின்றது, அரிசியும் நின்றது. அந்த மக்களைத்தான் சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா எல்லைக் காட்டில் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பான் ராணுவம் கொண்டுபோனது.

அங்கே நடந்தது குற்றமா, காடும் காலராவும் செய்த அழிவா? அழிவு என்பவர்களுக்கும் ஆதாரம் உண்டு. 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம் முகாமாக வாரிக்கொண்டு போனது. தொடக்கத்தில் கூலி பேசித்தான் ஆள் எடுத்தார்கள்.

ஆனால் இந்த வாதம் எண்ணிக்கைக்கு முன் நிற்காது. அதே காட்டில், அதே மழையில், நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேரில் 12,000க்குச் சற்று மேல் மாண்டார்கள், ஐந்தில் ஒருவர். ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 2 லட்சம் பேரில் 80,000 முதல் 1 லட்சம் வரை மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். கைதிகளோடு அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்துத் தமிழருக்குப் பெரும்பாலும் இருவருமே இல்லை. 'அவர்களுக்குச் சுகாதாரம் தெரியாது' என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். மருந்தில்லாத காட்டில் ஆளைக் கொண்டுபோய் இறக்கியது யார்? மூன்று மாதம் என்று சொல்லி ஏற்றியவர்களைத் திருப்பி அனுப்பாததும், ஆள் குறைந்தபோது படம் காட்டுவதாக அழைத்துக் கதவைச் சாத்திப் பிடித்துப்போனதும் கிருமி செய்த வேலையா?

அப்படியானால் இது இன ஒழிப்பா? ஜெர்மானியர் அதே ஆண்டுகளில் போலந்தின் ஸாமோஷ்ச் பகுதியில் லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை ஊரைவிட்டுத் துரத்தித் தம்மவரைக் குடிவைத்தார்கள். அங்கே மக்களை அகற்றுவதே நோக்கம். இங்கே நோக்கம் தண்டவாளம். மனிதர் வெறும் செலவுக் கணக்கு. இன ஒழிப்பு என்ற சொல் இதற்குப் பொருந்தாது. சாவார்கள் என்று தெரிந்தே வேலை வாங்கிய கொலை இது. பெயர்ப்பட்டியல் எழுதிக் கொடுத்த நம் தோட்டக் கிராணிகளுக்கும் (எழுத்தர்கள்) கங்காணிகளுக்கும் அதில் பங்குண்டு, சிறியதானாலும்.

தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 படைவீரர்களுக்கு இடமும் கல்லும் உண்டு. தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலை எழுதினார். இந்தக் கரையில் நாம் பட்டியல்கூடத் தொகுக்கவில்லை. நத்தத்திலோ வேடசந்தூரிலோ, மலாயாவுக்குப் போய்த் திரும்பாத ஒரு தாத்தா உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள்.