திரை உடைந்தால் கணினியே உடைந்ததாகுமா?

அரிக்கேன் விளக்கின் கண்ணாடி உடைந்தால் நம் பாட்டிமார் விளக்கைத் தூக்கி எறிந்ததில்லை. சந்தையிலிருந்து வேறொரு கண்ணாடியை வாங்கி வந்து மாட்டி, அன்றிரவே விளக்கை ஏற்றிவிட்டார்கள். ஆனால் மடிக்கணினியின் திரை உடைந்தால், கணினியே போய்விட்டதென்று எண்ணி அதை மூலையில் போட்டுவிடுகிறோம். ஏன் இப்படி? இந்தக் கேள்வியை என்னையே நான் கேட்டுக்கொள்ள ஏழு ஆண்டுகள் ஆயின. அந்த ஏழு ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு என்பதைப் பற்றியதே இக்கட்டுரை.

தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாணவர்களின் கைக்கு வந்தன. அவற்றுள் ஒன்று 2012-இல் எனக்கும் கிடைத்தது. பந்தல்குடியில் எங்கள் தெருவுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். மறு ஆண்டு பேருந்தில் வந்த நெரிசலில் அதன் திரை நொறுங்கியது. பழுது பார்க்கும் கடை ஒன்றில் காட்டினேன். ஆறாயிரம் ரூபாய் கேட்டார்கள். “இதற்குச் செலவழிப்பதைவிடப் புதிதாக ஒன்று வாங்குவது மேல்” என்ற அறிவுரையையும் சேர்த்துத் தந்தார்கள். இரண்டும் என்னால் முடியாதவை. கணினி பரணில் ஏறியது. எம்.எஸ்ஸி. படிப்புக்கான கணக்கீடுகளைப் பிறருடைய கணினிகளில் இரவல் நேரத்தில் செய்து முடித்தேன்.

2020-இல் பள்ளிகள் மூடப்பட்டு, வகுப்புகள் இணைய வழியில் நடந்தபோது, அக்கா மகள் படிப்பதற்கு ஒரு கணினி தேவைப்பட்டது. பரணிலிருந்து அதை இறக்கினேன். மூவாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலான விலையில் ஒரு திரை அஞ்சலில் வந்தது. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஒரு சிறிய திருப்புளியின் உதவியால், நாற்பது நிமிடங்களில் அதை மாற்றிவிட்டேன். மின்கலம் மட்டும் செத்துப் போயிருந்தது. மின்சாரத்தில் நேரடியாக இணைத்தால் கணினி நன்றாகவே ஓடியது. மகிழ்ச்சியைவிட வருத்தமே மிகுதி. நாற்பது நிமிட வேலைக்காக ஏழு ஆண்டுகள்!

திரைக்குள் அப்படி என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பின்புறம் ஒளி தரும் சிறு டையோடுகளின் வரிசை. முன்னால் தளவிளைவாக்கும் தாள்கள் இரண்டு. அவற்றின் நடுவே இரு கண்ணாடித் தகடுகள். அத்தகடுகளுக்கு இடையில், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு தடிமனில், நீர்மப் படிகம் என்னும் பொருள் அடைபட்டிருக்கிறது. முதல் தாளைக் கடந்த ஒளி ஒரே தளத்தில் அதிரும். இரண்டாம் தாள் அதற்குக் குறுக்காக வைக்கப்பட்டிருப்பதால் ஒளி தடுக்கப்பட வேண்டும். ஆனால் என் கணினியில் இருந்த வகைத் திரையில், நடுவிலுள்ள நீர்மப் படிகம் ஒளியின் தளத்தைத் தொண்ணூறு பாகை திருப்பிவிடுகிறது. ஒளி வெளியே வருகிறது. மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் நிமிர்ந்து நிற்கும், திருப்பம் மறையும், அந்தப் புள்ளி கறுத்துவிடும். இத்தகைய புள்ளிகள் அத்திரையில் 1366 × 768, அதாவது பத்து இலட்சத்துக்கும் மேல். கண்ணாடி விரிந்தால் இந்த ஏற்பாடு குலைந்துபோகும், ஒட்டவைக்க முடியாது. முழுத் திரையையும் மாற்றுவதே வழி.

இவை நமக்கு அந்நியமான செய்திகளும் அல்ல. 1828-இல் வில்லியம் நிக்கல் தளவிளைவாக்கும் பட்டகத்தைச் செய்தது கால்சைட்டுப் படிகத்திலிருந்துதான். பந்தல்குடியைச் சுற்றித் தோண்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல்லும் அதே கால்சியம் கார்பனேட்டே. வட்டுவடிவ மூலக்கூறுகளும் நீர்மப் படிகமாகும் என்பதை 1977-இல் பெங்களூரின் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் கண்டறிந்தவர் சர் சி. வி. இராமனின் மருமகன் முறையினரான எஸ். சந்திரசேகர். பொருளும் அறிவும் நம் பக்கத்திலேயே இருக்க, திருப்புளியைத் தொடுவதற்கு மட்டும் நாம் அஞ்சுகிறோம்.

நீங்களே செய்ய விரும்பினால், முதலில் பழுது எங்கே என்று உறுதிசெய்யுங்கள். கணினியை ஒரு தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணையுங்கள். அங்கே படம் தெளிவாகத் தெரிந்தால் பழுது பெரும்பாலும் திரையிலோ அதற்குச் செல்லும் கம்பிப் பட்டையிலோதான். திரை உடையாமல் வெறுமனே இருண்டிருந்தால், கைவிளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னொளி மட்டுமே போயிருக்கிறது.

பிறகு மின் இணைப்பைத் துண்டித்து, மின்கலத்தையும் கழற்றிவிடுங்கள். நம் வறண்ட காற்றில் உடலில் நிலைமின்சாரம் எளிதில் சேரும்; நைலான் பாயில் உட்காராமல், வர்ணம் பூசாத இரும்புக் குழாயைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். என் கணினியில் திரையைச் சுற்றியுள்ள சட்டத்தில் ரப்பர் மூடிகளுக்கு அடியில் இரண்டு திருகுகள் இருந்தன. அவற்றை எடுத்தபின் சட்டத்தை நகத்தால் மெல்ல நெம்பினால் கொக்கிகள் விடுபடும். திரையைத் தாங்கும் திருகுகளைக் கழற்றி, திரையை விசைப்பலகையின்மீது குப்புறச் சாய்க்க வேண்டும். பின்புறத்தில் ஒட்டுநாடாவுக்கு அடியில் கம்பிப் பட்டையின் இணைப்பு இருக்கும். அதை மேல்நோக்கிப் பிடுங்கக் கூடாது. திரையின் பரப்போடு படிய, பக்கவாட்டில் இழுக்க வேண்டும். புதிய திரையை இதே வரிசையில் திரும்ப மாட்டலாம்.

திரையின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். எல்பி140, என்140, பி140 என்பனபோல் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு அதில் காணப்படும். 140 என்பது 14.0 அங்குலத்தைக் குறிக்கும். புதிய திரை வாங்கும்போது அளவு, புள்ளிகளின் எண்ணிக்கை, இணைப்பிலுள்ள ஊசிகளின் எண்ணிக்கை, திருகு மாட்டும் காதுகளின் இடம் ஆகிய நான்கும் பழைய திரைக்குப் பொருந்த வேண்டும். ஊசிகள் 40 உள்ள பழைய வகைக்கு, 30 உள்ள புதிய வகை உதவாது.

இனி விமரிசனத்துக்கு வருகிறேன். மடிக்கணினி உற்பத்தியாளர்கள் சிலர் தம் மாடல்கள் பலவற்றுக்குப் பராமரிப்புக் கையேடுகளை எவரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள். இது மனமாரப் பாராட்டத்தக்கது. எனக்கு உதவியதும் அப்படியொரு கையேடுதான். ஆனால் அதில் மூன்று குறைகளைக் கண்டேன்.

முதலாவது, மொழி. நான் பார்த்த கையேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழ் வழியில் படித்த மாணவரிடம் கருவி வந்துவிட்டது. கருவியைப் பற்றிய அறிவு வரவில்லை. இரண்டாவது, அது ‘இதைச் செய்’ என்று சொல்கிறதே தவிர ‘ஏன்’ என்று சொல்வதில்லை. மின்கலத்தை முதலில் எடு என்கிறது. எடுக்காவிட்டால் இணைப்பைத் தொடும்போது குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தாய்ப்பலகை கெடலாம் என்று சொல்வதில்லை. காரணம் தெரியாதவர் கட்டளையை எளிதில் மறப்பார். மூன்றாவது குறை கையேட்டுக்கு உரியதன்று, வடிவமைப்புக்கு உரியது. அண்மைக்கால மாடல்கள் பலவற்றில் திருகு இருந்த இடத்தில் பசை வந்துவிட்டது. மெல்லியதாக இருக்கிறது என்று நாம் புகழும் கணினி, திறக்க முடியாத கணினியாகவும் இருக்கிறது.

“அனுபவமில்லாதவர்கள் கைவைத்தால் கெடுத்துவிடுவார்களே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உறுதிக்காலம் முடியாத கணினியை நாமே திறக்க வேண்டாம். மின்கலம் உப்பியிருந்தால் தொடவே கூடாது. தொடுதிரை பசையால் ஒட்டப்பட்டிருந்தால் தேர்ந்தவரிடம் கொடுப்பதே நன்று. பின்னொளிக்குக் குழல்விளக்கு வைத்த மிகப் பழைய கணினிகளில் உயர் மின்னழுத்தம் உண்டு, எச்சரிக்கை தேவை. ஆனால் இந்த எச்சரிக்கைகளையே தமிழில் எழுதி வைத்தால் என்ன? ஆபத்து இருக்கிறது என்பது அறிவை மறைப்பதற்குக் காரணம் ஆகாது. அறிவைப் பரப்புவதற்கே காரணம்.

பிரான்சு நாட்டில் 2021 சனவரி முதல் மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களுக்குப் ‘பழுதுநீக்க மதிப்பெண்’ குறிப்பிடுவது கட்டாயமாயிற்று. கையேடு கிடைக்கிறதா, எளிதில் பிரிக்கலாமா, உதிரிப் பாகம் கிடைக்கிறதா, அதன் விலை என்ன என்பவற்றைப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிடுகிறார்கள். நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஓர் இணையத்தளத்தை நடுவண் அரசு தொடங்கியது. நல்ல தொடக்கம், ஆனால் ஓர் இணையத்தளம் இருப்பது கிராமத்து மாணவருக்கு எட்டுவதாகாது.

கல்லூரி மாணவர் இருபது இலட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கை அறிவித்தது. இவ்வாறு வழங்கப்படும் ஒவ்வொரு கருவியோடும் தமிழில் ஒரு சிறு பழுதுநீக்கக் கையேடும், மாற்றத்தக்க பாகங்களின் குறியீட்டுப் பட்டியலும் தரப்பட வேண்டும். கொள்முதல் நிபந்தனைகளில் இதையும் ஒன்றாகச் சேர்த்தால் போதும். இலட்சக்கணக்கில் வாங்குபவர் கேட்டால் விற்பவர் மறுக்க மாட்டார்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. தளவிளைவைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினோம். மாணவர் தேர்வில் எழுதினார்கள். உடைந்த திரை ஒன்றைப் பிரித்து, அதன் மேல்தாளைச் சுழற்றிக் காட்டியிருந்தால் பாடமும் விளங்கியிருக்கும், அச்சமும் போயிருக்கும். அருப்புக்கோட்டையில் தறி நெய்பவர் அறுந்த இழையைத் தாமே முடிகிறார். அதற்காகத் தறியை மாற்றுவதில்லை. அந்தத் துணிவை ஆய்வுக்கூடத்துக்குள்ளும் கொண்டுவருவது எங்கள் கடமை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு மடிக்கணினி கிடக்கலாம். இந்த விடுமுறையில் அதை இறக்கித் துடைத்து, தொலைக்காட்சியோடு இணைத்துப் பாருங்கள். உடைந்தது திரை மட்டும்தானா என்பது அப்போது தெரிந்துவிடும்.