கண்ணில் படுவதும் படாததும்

போர் நடந்த ஊரைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டால், அடுத்தவர் துயரத்தை வேடிக்கை பார்ப்பது அநாகரிகம் என்ற பதில் உடனே வந்துவிடும். குடிசைப் பகுதியான தாராவியைச் சுற்றிக் காட்டும் பயணங்களைப் பற்றி மும்பைத் தமிழர் பலர் சொல்வதும் இதையே. தாராவியிலேயே இந்தக் குற்றச்சாட்டு பாதிதான் நிற்கிறது. 2005இல் தொடங்கி அங்கே வெளிநாட்டவரை அழைத்துப் போகும் ரியாலிட்டி டூர்ஸ் நிறுவனம் சிறு குழுக்களாகவே நடத்துகிறது. படம் எடுக்கத் தடை விதித்திருக்கிறது. லாபத்தில் 80 சதவீதத்தைச் சமூகப் பணிக்குக் கொடுப்பதாக அறிவித்திருக்கிறது. குடிசையைப் பார்க்க வந்தவர் கும்பார்வாடாவின் மண்பாண்டச் சூளைகளையும் பிளாஸ்டிக் மறுசுழற்சிக் கூடங்களையும் தோல் பட்டறைகளையும் பார்த்துவிட்டுப் போகிறார். அதனால் அவர் பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். கண்ணில் பட்டதையே முழு ஊராக எண்ணிக்கொள்வதுதான் எனக்கு உறுத்துகிறது. தாதர் சிவாஜி பார்க்குக்கு வந்தால் அவருக்குத் தெரிவது கிரிக்கெட். 1966 அக்டோபரில் சிவசேனை தன் முதல் பெருங்கூட்டத்தை அங்கே நடத்தியதும், அடுத்து வந்த ஆண்டுகளில் தென்னிந்தியர்கள் இந்த நகரத்தில் அதற்குப் பயந்து வாழ்ந்ததும் மைதானத்து மண்ணைப் பார்த்தால் தெரிவதில்லை.

இதே குறை, உள்நாட்டுப் போர் நடந்த யாழ்ப்பாணத்தில் பல மடங்காகிறது. கொழும்பிலிருந்து முதுகுப்பையோடு கிளம்பும் பயணி ஏ9 சாலை வழியே வடக்கே வருகிறார். கிளிநொச்சியில் ராணுவம் எழுப்பிய வெற்றிச் சின்னம் சாலையோரமே நிற்கிறது. ஆனையிறவில், 1991 போரில் விடுதலைப் புலிகளின் கவச புல்டோசரைத் தடுத்து இறந்த சிப்பாயின் நினைவாக அந்த வண்டியையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தெற்கிலிருந்து வரும் சுற்றுலா பஸ்கள் நிற்கும் இடங்கள் இவை. மறு தரப்பில் இறந்தவர்களுக்கு என்ன இருக்கிறது? புலிகளின் வீரர்களைப் புதைத்த கோப்பாய்த் துயிலும் இல்லத்தை இடித்துத் தரைமட்டமாக்கி, அந்த நிலத்தில் 2011இல் ராணுவப் படைப்பிரிவு ஒன்றின் தலைமையகத்தைத் திறந்தார்கள். போரின் கடைசிக் கட்டத்தில் இறந்தவர்களுக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரியில் ஓரிரவில் இடித்தார்கள். போராட்டம் வெடித்த பிறகே அது மறுபடி எழுந்தது. 1981இல் சுமார் 97,000 நூல்களோடு எரிந்த பொது நூலகம் இன்று வெள்ளை வெளேரென்று நிற்கிறது. முன்கூட்டி எதையும் படிக்காமல் வந்தவருக்கு அது அழகான கட்டடம், அவ்வளவே. காங்கேசன்துறையில் கடலைப் பார்த்தபடி அறை எடுக்கிறவருக்கு, அந்த விடுதியை நடத்துவது ராணுவம் என்பதோ, 1990இல் அந்த வட்டாரத்து மக்கள் வெளியேற்றப்பட்டு ஆண்டுக்கணக்கில் திரும்ப முடியாமல் இருந்தார்கள் என்பதோ தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வென்றவர் கட்டியது வழியிலேயே இருக்கிறது. தோற்றவர் இழந்ததைத் தேடித்தான் போக வேண்டும். இரண்டு நாளில் ஊரை முடித்துவிட்டுத் திருகோணமலைக்குக் கிளம்புகிறவருக்குத் தேட நேரம் ஏது?

வென்றவர் கதை சொல்வது இலங்கையில் மட்டும் நடப்பதில்லை. சைகோனில் 1975இல் திறந்த போர் அருங்காட்சியகத்தின் பெயரிலேயே அமெரிக்கக் குற்றங்கள் என்ற சொல் இருந்தது. 1990இல் அந்தச் சொல்லை நீக்கினார்கள், அமெரிக்காவோடு உறவு சீரடைந்த 1995இல் பெயரை மறுபடியும் மாற்றிவிட்டார்கள். அருகே கூச்சி சுரங்கங்களைப் பார்க்கப் போகிறவர் காசு கொடுத்தால் ஏகே-47ஐச் சுட்டும் பார்க்கலாம். ஆயினும் வியட்நாம் போரின் மறுபக்கத்தைச் சொல்ல அமெரிக்காவில் ஆயிரம் நூல்களும் படங்களும் வந்திருக்கின்றன. இலங்கைப் போர் முடிந்த வன்னிக்கு அந்த வசதி குறைவு.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தப் பயணங்கள் நின்றுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விடுதி நடத்தும் குடும்பத்துக்கும் ஆட்டோக்காரருக்கும் வருமானம் கிடைக்கிறது. நல்லூர்த் திருவிழாவையும் ஐஸ்கிரீம் கடைக் கூட்டத்தையும் பார்த்து எழுதும் வெளிநாட்டவர், யாழ்ப்பாணம் என்றாலே பதுங்குகுழி என்ற பிம்பத்தை உடைக்கிறார், அது நல்லதே. அதைவிடப் பெரிய பயன் ஒன்றும் உண்டு. நினைவேந்தலுக்கு நீதிமன்றத் தடை வாங்கப்பட்ட மண்ணில், உள்ளூர்க்காரர் எழுதத் தயங்குவதை வெளியாள் எழுதிவிட்டுப் போக முடியும். போரைப் பற்றிப் பேச ஊர்க்காரர்களே விரும்புவதில்லை, பயணி ஏன் கிளற வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தேநீர் கொடுத்த வீட்டுக்காரரிடம் செத்தவர்களின் கணக்கைக் கேட்பது கொடுமை. அதற்காக, அவர் சிரித்து உபசரித்ததை வைத்து ஊரின் காயம் ஆறிவிட்டது என்று எழுதுவதும் சரியாகாது. வாயைத் திறக்காமலே படித்துத் தெரிந்துகொள்ள நூலகங்கள் இருக்கின்றன. சுற்றுலாப் பயணி வரலாற்று ஆசிரியரா என்ற அடுத்த ஆட்சேபம் எனக்கு ஏற்புடையதல்ல. பார்த்ததோடு நிறுத்திக்கொள்கிறவருக்கு அது பொருந்தும். ஊருக்கு இப்போது நிம்மதி வந்துவிட்டது என்று உலகத்துக்குத் தீர்ப்பு எழுதுகிறவருக்குப் பொருந்தாது.

வெள்ளைக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் நேர்மையாகாது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் பறக்கத் தொடங்கிய பிறகு நம்மவர்களும் போகிறோம், மனத்தில் தயாராக ஒரு கதையோடு. எரிந்த நூலகம் நமக்குத் தெரியும், முள்ளிவாய்க்கால் தெரியும். 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரக் கெடு கொடுத்துப் புலிகள் அவர்களை ஊரைவிட்டே விரட்டியது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வீதிகள் நம் பயணத் திட்டத்தில் வருவதே இல்லை. மும்பையிலேயே வெளியாள் என்று விரட்டப்பட்ட அனுபவம் உள்ள இந்நகரத் தமிழர்கள் அதைப் புரிந்துகொள்ளச் சிரமப்படத் தேவையில்லை. யாழ்ப்பாணம் போகிறவர்கள் ராணுவ விடுதியைத் தவிர்த்து உள்ளூர்க் குடும்பம் நடத்தும் வீட்டில் தங்குங்கள். நூலகத்துக்கும் நல்லூருக்கும் ஒதுக்கும் நேரத்தில் கொஞ்சத்தை அந்த முஸ்லிம் வீதிகளுக்கும் ஒதுக்குங்கள்.