எழுத்தைக் குறைத்தால் நேரம் மிஞ்சுமா?

ஆங்கிலத்தில் சொற்பொழிவாற்றுபவர் நிமிடத்துக்குச் சுமார் 120 சொற்கள் பேசுகிறார். நம் கையோ 30 சொற்களுக்கே திணறுகிறது. இந்த இடைவெளியை நிரப்ப வந்ததே சுருக்கெழுத்து. 1837-இல் ஐசக் பிட்மன் வெளியிட்ட முறையில் ஒலிகளுக்குரிய கோடுகளையும் வளைவுகளையும் புதிதாகக் கற்க வேண்டும். அதற்குப் பல மாதப் பயிற்சி தேவை. இத்தொல்லையைத் தவிர்க்க, அமெரிக்க ஆசிரியை எம்மா டியர்பார்ன் 1920-களில் 'ஸ்பீடுரைட்டிங்' முறையை உருவாக்கினார். தெரிந்த ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளுமே இதற்குப் போதும். உயிரெழுத்துகள் பலவற்றை விட்டுவிடலாம். கற்க எளிது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது எவ்வளவு வேகமானது? எவ்வளவு நம்பத்தக்கது?

முதலில் வேகம். ஆங்கில 'எம்' எழுத்துக்குப் பேனா பலமுறை ஏறி இறங்குகிறது. பிட்மன் முறையில் ஒரே வளைவு போதும். எழுத்துகளின் எண்ணிக்கை குறைந்தாலும் கையின் உழைப்பு அதே அளவில் குறைவதில்லை. ஜேம்ஸ் ஹில் 1968-இல் உருவாக்கிய 'டீலைன்' முறையில் எழுத்துகளின் வடிவங்களையே எளிமையாக்கினார்.

அடுத்தது நம்பகம். உயிரெழுத்து இல்லாமலும் படிக்க முடிவது ஏன்? மொழியில் தேவைக்கு மிஞ்சிய எழுத்துகள் உண்டு. கிளாட் ஷானன் 1948-இல் சாதாரண ஆங்கிலத்தில் இந்த மிகை சுமார் 50 விழுக்காடு என்று மதிப்பிட்டார். விட்டதை ஊகிக்கப் பக்கத்துச் சொற்கள் உதவுகின்றன. எண்ணுக்கும் அலகுக்கும் அந்த உதவி கிடைப்பதில்லை. 'மில்லி', 'மெகா' இரண்டையும் 'ம்' என்று குறித்துவிட்டு மாற்றிப் படித்தால், விடை 100 கோடி மடங்கு பிழையாகும்!

தமிழில் இம்முறையை அப்படியே பின்பற்றுவது இன்னும் கடினம். உயிரை நீக்கினால் படி, பாடு, பிடி, பொடி நான்கும் 'ப்ட்' ஆகிவிடும். 'வந்தேன்', 'வந்தான்' என்பவற்றின் வேறுபாடே ஓர் உயிரில்தான் இருக்கிறது.

ஆகவே, அலுவலகக் கடிதங்களுக்கு இது நல்ல கருவி. அறிவியல் வகுப்பில் ஓரளவே பயன்படும். எழுதும்போது விட்டதைப் படிக்கும்போது ஈடுகட்டியாக வேண்டும். நாள் செல்லச் செல்ல அது கடினமாகும். 'ஆகவே', 'ஏனெனில்' போன்ற இணைப்புச் சொற்களுக்கு மட்டும் குறியீடு வைத்துக்கொள்ளுங்கள். எண், அலகு, கலைச்சொல் ஆகியவற்றை முழுமையாக எழுதுங்கள். பாடம் நினைவில் இருக்கும்போதே, அன்று மாலை விடுபட்டவற்றை நிரப்பிவிடுங்கள்.