மறுமொழி யாரிடம் போய்ச் சேருகிறது? கல்முனைக் கரையிலிருந்து ஊடகப் பங்கேற்பு பற்றி ஓர் ஆய்வு

இலங்கை வானொலியின் நேயர் விருப்பத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அம்பாறைக் கரையோர ஊர்களின் பெயர்கள் மனப்பாடம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில். தபாலட்டையில் எழுதி அனுப்பியவரின் பெயரும் ஊரும் அறிவிப்பாளரின் வாயால் வரும்வரை வீடே காத்திருக்கும். பாட்டைவிடப் பெயர்தான் முக்கியம். கொழும்பிலிருந்து வரும் ஒரு குரலில் தன் ஊர் கேட்டுவிட்டால் அது நாள்முழுக்கப் பேசும் செய்தி.

ஊடகத்தில் மக்கள் பங்கேற்பு கைப்பேசியோடு தொடங்கியது என்று எழுதும் ஆய்வுகள் இந்தத் தபாலட்டைகளைக் கணக்கில் எடுப்பதில்லை. 'இசையும் கதையும்' நிகழ்ச்சிக்குக் கதை எழுதி, நடுவே எந்தத் திரைப்பாடல் வரவேண்டும் என்றும் குறித்து அனுப்பியவர்கள் நேயர்களே. பி.எச். அப்துல் ஹமீத் நடத்திப் புகழ்பெற்ற 'பாட்டுக்குப் பாட்டு', ஒலிவாங்கியைக் கேட்போரின் கையிலேயே கொடுத்தது. இலங்கை வானொலி முஸ்லிம் சேவையின் 'மாதர் மஜ்லிஸ்' வழியாக, மேடை ஏறாத பெண்களின் எழுத்து நாடெங்கும் கேட்டது. கிழக்கின் முஸ்லிம் பெண் எழுத்தைப் பற்றிப் பேசும் எவரும் அந்த நிகழ்ச்சியைத் தாண்டிப் போக முடியாது.

ஆனாலும் எந்தக் கடிதம் வாசிக்கப்படும், எது குப்பைக்கூடைக்குப் போகும் என்பதைக் கலையகத்தில் இருந்தவரே தீர்மானித்தார். இந்த இடத்தில்தான் துறையின் கோட்பாட்டாளர்கள் உதவுகிறார்கள். பெல்ஜிய ஆய்வாளர் நிக்கோ கார்பென்டியர் 2011இல் வெளியிட்ட தம் நூலில் மூன்றைப் பிரித்துக் காட்டுகிறார்: ஊடகத்தை எட்டுவது ஒன்று, அதனோடு ஊடாடுவது இன்னொன்று, அதன் முடிவுகளில் பங்கெடுப்பது மூன்றாவது. முதல் இரண்டையும் செய்துவிட்டு மூன்றாவதைச் செய்ததாகச் சொல்லிக்கொள்வது ஊடகங்களின் வழக்கம். அமெரிக்க நகரத் திட்டமிடலை ஆராய்ந்த ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969லேயே குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகளாக வகுத்து, கீழ்ப்படிகள் பங்கேற்பே அல்ல என்று எழுதினார். அதற்கும் முன்பு, 1932இல், வானொலி பேச மட்டும் தெரிந்த கருவியாக இருக்கிறது, கேட்கவும் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று பெர்டோல்ட் பிரெக்ட் வாதாடினார். தொழில்நுட்பம் அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டது. அவர் எதற்காகக் கேட்டாரோ அது கிடைத்ததா என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியை அளக்க எண்ணிக்கைகள் போதா. ஒருவர் சொன்ன மறுமொழி, அதற்குப் பொறுப்புச் சொல்ல வேண்டிய ஒருவரிடம் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்த பிறகு அவர் அடுத்துப் பேசியது மாறியதா? என் பார்வையில் இவை இரண்டுமே அளவுகோல். கல்முனைக் கரைக்கு இந்த அளவுகோல் வெளியிலிருந்து வந்ததன்று. இங்கே அதற்கு நீண்ட வரலாறு உண்டு.

அந்த வரலாறு இக்கரையின் நாட்டார் கவியில் இருக்கிறது. வயற்காவல் பரணில் இருந்து ஒருவன் நாலடிக் கவி படிப்பான். அதற்கு ஏற்ற எதிர்க்கவி வரும். மச்சானும் மச்சியும் ஒருவரையொருவர் விளித்துச் சொல்லும் கவிகள், தாயின் தடையை மீறக் கேட்கும் கவிகள், மறுப்பும் ஏச்சும் கலந்த கவிகள் என்று அச்சில் வந்த தொகுப்புகளில் ஆண் கூற்றும் பெண் கூற்றும் மாறி மாறி நிற்கின்றன. எஸ்.எச்.எம். ஜெமீல் தொகுத்த 'கிராமத்து இதயம்' இந்த வளத்துக்கு நல்ல சாட்சி. எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காத பெண்களும் இவற்றைக் கட்டினார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. கவியில் கேட்பவர் என்று தனியாக ஒருவர் இல்லை; கேட்பவரின் முறை அடுத்தது, அவ்வளவுதான். சொன்னவர் யார் என்று ஊருக்குத் தெரியும். பிழையாகச் சொன்னால் திருப்பி வாங்கிக் கட்டிக்கொள்ளவும் வேண்டும். கம்படித்து ஆடும் களிகம்புப் பாட்டிலும் இதற்கு நெருங்கிய ஒழுங்கு உண்டு: பயிற்றுநரான அண்ணாவியார் ஓரடி எடுத்துக் கொடுக்க, கம்படிப்போர் திருப்பிச் சொல்வார்கள்.

இந்த மண்ணின் எழுத்துலகமும் மறுமொழியில் வளர்ந்ததுதான். நீலாவணன் கல்முனை எழுத்தாளர் சங்கத்தைக் கட்டி எழுப்பியதும், எம்.ஏ. நுஃமான் 'கவிஞன்' என்ற கவிதை இதழைக் கல்முனையிலிருந்து நடத்தியதும், எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் படித்து முகத்துக்கு நேரே குறை சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரு வட்டத்தை உண்டாக்கின. வாசகர் கூட்டம் சிறியது. ஆனால் அதில் பாதிப்பேர் எழுத்தாளர்களும்கூட.

பெரிய ஊடகத்தில் இந்த ஒழுங்கைக் கொண்டுவர முடியுமா என்று உண்மையாகப் பரிசோதித்த தெற்காசிய முயற்சிகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று, 1956இல் புனே வானொலி நிலையத்தைச் சுற்றி ஏறத்தாழ 150 கிராமங்களில் நடந்த வேளாண் வானொலி மன்றங்கள். மக்கள் கூடியிருந்து நிகழ்ச்சியைக் கேட்பார்கள், விவாதிப்பார்கள், கேள்விகளை நிலையத்துக்கு எழுதுவார்கள், அவற்றுக்குப் பின்னர் பதில் ஒலிபரப்பாகும். மற்றது எங்கள் நாட்டிலேயே நடந்தது. 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, தொண்ணூறுகளின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையோடு இணையத்தைக் கையில் எடுத்தது. கிராமத்தவர் ஒருவர் பயிர் நோய் பற்றியோ உடல்நலம் பற்றியோ கேட்பார். அறிவிப்பாளர் நேரலையில் இருந்தபடியே இணையத்தில் தேடி, கிடைத்ததை உள்ளூர் மொழியில் சொல்வார். மருத்துவரோ சட்டம் தெரிந்தவரோ பக்கத்தில் இருந்து விளக்குவார். கணினியைத் தொட்டறியாத ஒருவரின் கேள்வி உலகத் தகவல் கிடங்குவரை போய் அவர் மொழியில் திரும்பி வந்தது. பங்கேற்பு பற்றிய உலக ஆய்வுகள் இன்றும் கொத்மலையை எடுத்துக்காட்டுவது இதனால்தான்.

1998இல் சூரியன், சக்தி ஆகிய தனியார் வானொலிகள் வந்தன. தபாலட்டைக்குப் பதில் தொலைபேசி. காத்திருப்பு இல்லை, குரலே நேரடியாக ஒலித்தது, இளைஞர்கள் கொண்டாடினார்கள். ஆனால் அழைத்தவருக்குத் தரப்பட்ட வேலை நலம் விசாரிப்பதும் பாட்டுக் கேட்பதுமே. அட்டாளைச்சேனையிலிருந்து ஒலித்த இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பிறை எஃப்எம் அந்த வகையில் வேறு. கரையோரத்தின் பேச்சுத்தமிழும் ஊர்ச் செய்தியும் அதில் இடம்பெற்றன. பிராந்திய வானொலிகளை ஊடக ஆய்வுகள் போதுமான அளவு கவனிக்கவில்லை என்பது என் குறை.

பிறகு முகநூல். இங்கே நின்று பேச வேண்டியிருக்கிறது.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரத்தில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சாப்பிட வந்தவர்கள் கறியில் ஏதோ கட்டியாகக் கிடப்பதைக் கண்டு, மலடாக்கும் மருந்து கலந்திருப்பதாகக் கூச்சலிட்டார்கள். காசாளரைச் சூழ்ந்துகொண்டு சிங்களத்தில் கேள்வி கேட்டார்கள். சிங்களம் சரிவர விளங்காத அவர் பயத்தில் தடுமாறிச் சொன்ன ஓரிரு சொற்கள் கைப்பேசியில் பதிவாகி, குற்ற ஒப்புதலாக முகநூலில் பரவின. அந்த இரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அப்படி ஒரு மருந்தே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் இலங்கை அலுவலகம் சொன்னது. அரச பகுப்பாய்வாளரின் சோதனையில் அது மாவுக்கட்டி என்று தெரிந்தது. அந்த விளக்கங்கள் வருவதற்குள் வன்முறை நெருப்பு கண்டிக்குப் போய்விட்டது. மார்ச் 7இல் அரசு சமூக ஊடகங்களை ஒரு வாரத்துக்கு மேல் முடக்கியது.

ஊடாட்டத்தின் எல்லாக் கூறுகளும் அந்தக் காணொளியில் உண்டு. கேள்வி, பதில், பகிர்வு, விருப்பக்குறி, பின்னூட்டம். இல்லாதது ஒன்றுதான்: பதில் சொன்ன மனிதருக்கு, தான் சொன்னது என்னவென்று விளக்க ஒரு வாய்ப்பு. மறு ஆண்டு, உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின் 2019 மே மாதத்தில், சிலாபத்தில் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பின்னூட்டம் மிரட்டலாக வாசிக்கப்பட்டு அங்கும் கலவரம் வெடித்தது. மொழி இடறிய இடத்தில் இரண்டு முறையும் தண்டனை அனுபவித்தது மறுமொழி சொன்னவரும் அவர் சமூகமும்.

எச்சரிக்கை இல்லாமலா நடந்தது? மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற ஆய்வு அமைப்பு 2014லேயே முகநூலில் இலங்கையின் வெறுப்புப் பக்கங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டிருந்தது. கொல்லத் தூண்டும் பதிவுகள் பற்றி மக்கள் முகநூலிடம் முறையிட்டபோதும், விதிமீறல் இல்லை என்ற பதில் வந்ததுண்டு. சிங்களம் தெரிந்த மட்டுறுத்துநர்கள் அன்று போதுமான அளவு இருக்கவில்லை. சுயாதீன மனித உரிமை மதிப்பீட்டுக்குப் பின், 2020 மே மாதத்தில்தான் முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இலட்சக்கணக்கானோரை எழுத அழைத்துவிட்டு, அவர்கள் எழுதும் மொழியில் வாசிக்க ஆள் வைக்காமல் இருந்ததைப் பங்கேற்பு என்று அழைக்க என்னால் முடியாது.

ஆனால் இதே ஊடகங்களின் வழியாக முஸ்லிம் மக்கள் தங்கள் குரலை முன்னெடுத்துச் சென்றதும் உண்மை. கோவிட் காலத்தில் ஜனாஸாக்களை, அதாவது இறந்தோரின் உடல்களை, எரிக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டபோது, பிறந்து 20 நாளான ஒரு குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டபோது, பொரளை மயான வேலியில், உடலைப் போர்த்தும் கபன் துணியை நினைவூட்டும் வெள்ளைத் துணிகளை மக்கள் கட்டினார்கள். சிங்களவரும் தமிழரும் கட்டினார்கள். வேலியில் கட்டியவை அகற்றப்பட்டன. படங்கள் பரவியபடி இருந்தன. வெளிநாட்டு அழுத்தமும் சேர்ந்துகொள்ள, 2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. அடுத்த மாதம் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. என் அளவுகோலின்படி அது பங்கேற்பு: பொறுப்புச் சொல்லவேண்டியவர்களிடம் போய்ச் சேர்ந்தது, அவர்கள் சொன்னதை மாற்றவும் செய்தது.

அன்றாடத்தில் கரையோரத்தின் பெரிய ஊடகம் இப்போது வாட்ஸ்அப் குழுக்கள். ஜனாஸா அறிவித்தல், குடிநீர்த் தடை, காணாமல்போன ஆவணம், பள்ளிவாசல் நிர்வாகச் சண்டை, கட்டாரில் இருக்கும் மகனுக்கு உம்மா அனுப்பும் குரல்பதிவு எல்லாம் அதில்தான். ஒரு காலத்தில் கசெட்டில் பேசி, ஊருக்கு வந்து திரும்புவோரிடம் கொடுத்தனுப்பிய குரல் இன்று நொடியில் போகிறது. ஊர்ப் பொதுக்குழுக்கள் பெரும்பாலும் ஆண்களின் இடம். கவி கட்டியவர்களில் பெண்களும் இருந்தார்கள், மாதர் மஜ்லிஸுக்கு எழுதியவர்களும் பெண்கள் என்று பார்க்கும்போது, இதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பெண்களின் குரல் குடும்பக் குழுக்களில் தாராளமாகக் கேட்கிறது, ஊர்க்காரியத்தில் கேட்பதில்லை.

2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பொய்யான கூற்றுகளைத் தடுக்க ஓர் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் தருகிறது. எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரம் மேலேயே நிற்கும் சட்டத்தைக் கண்டு எழுத்தாளர்களும் ஊடகவியலாளர்களும் அஞ்சுவது நியாயம். அம்பாறை உணவகத்தில் அன்றிரவு தேவைப்பட்டது இரண்டு மொழியும் தெரிந்த, இரு தரப்பாரும் நம்பும் ஒருவர். எந்தத் தண்டனைப் பிரிவும் அவருடைய இடத்தை நிரப்பாது.

இந்தத் தேவை அவசர இரவுகளுக்கு மட்டும் உரியதன்று. கரையோரத்துத் தமிழ் பேசும் மக்கள் மாவட்ட அலுவல்களுக்காக அம்பாறைக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போய்ச் சிங்களத்தில் சிரமப்படுவது நெடுங்கால முறைப்பாடு. கரையோரத்துக்குத் தனி மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கொத்மலையில் நடந்ததை இங்கே செய்து பார்க்கலாம். காணி உறுதி பற்றியோ உரமானியம் பற்றியோ நிந்தவூர் விவசாயி ஒருவர் குரல்பதிவில் கேட்பதை, பிராந்திய வானொலி ஒன்று சிங்களத்தில் அதிகாரியிடம் எடுத்துச்சென்று, அவருடைய பதிலை அவர் பெயரோடு தமிழில் ஒலிபரப்பலாம். அம்பாறை நகரத்துச் சிங்களவர் கரையோரத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகளும் அதே வழியில் தமிழுக்கு வரவேண்டும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, இரு மொழியும் அறிந்த மாணவர்கள் அங்கே படிக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும், தொடங்குவதற்கு.