கேட்பாரற்ற கிட்டார்

கல்முனைப் பக்கத்து மேடைகளில் இப்போது ஒரு புதுப் பட்டம் புழங்குகிறது. கிட்டாரோடு ஒரு பொடியன் ஏறினால், அவன் என்ன வாசிக்கப்போகிறான் என்பதை அறிவிப்பாளர் கடைசியில்தான் சொல்கிறார். "ஒருத்தரிட்டயும் படிக்கல்ல, எல்லாம் கேள்வி ஞானம்" என்பதுதான் முதல் வரி. கைதட்டலும் அதற்கே விழுகிறது. ஆசான் கிடைக்காதது குறையாக இருந்த காலம் போய், அதுவே தகுதியாகிவிட்டது.

கேட்டு வாசிப்பவனின் கெட்டித்தனத்தை நான் மறுக்கவில்லை. பாடகர் ஓரிடத்தில் இழுத்தால் கூடவே இழுப்பான். அடியை விட்டுத் தாவினால் தாவிப் பிடிப்பான். 'சுராங்கனி'யைக் காகிதம் பார்த்து வாசிப்பவனைக் கண்டால் எனக்கே சிரிப்பு வரும். மட்டக்களப்புப் பறங்கியர் தங்கள் கஃப்ரிஞ்ஞாவை வயலினிலும் கிட்டாரிலும் தலைமுறை தலைமுறையாகக் காதால்தான் காப்பாற்றி வந்தார்கள். சரி, அவ்வளவும் உண்மை.

எனக்குப் பொறுக்காதது இதற்குச் சொல்லப்படும் நியாயம். "குர்ஆனையே காதால்தானே ஓதப் பழகினோம்? புத்தகம் பார்த்தா பொல்லடி ஆடினார்கள்?" என்று கேட்கிறார்கள்.

மத்ரஸாப் பாயில் இருந்து ஓதிய எவருக்கும் இதற்குப் பதில் தெரியும். பிள்ளை லெப்பையின் ஓதலைக் கேட்கிறது. லெப்பை பிள்ளையின் ஓதலைக் கேட்கிறார். 'ஸாத்' வரவேண்டிய இடத்தில் 'ஸீன்' விழுந்தால் அந்த எழுத்திலேயே நிறுத்துவார். நாக்கு எங்கே படவேண்டும் என்று காட்டி, திரும்பச் சொல்ல வைப்பார். அது சரிவராமல் அடுத்த ஆயத்துக்குப் போக முடியாது. தஜ்வீத் என்று விதிகள் உண்டு. இத்காம், இக்ஃபா என்று அவற்றுக்குப் பெயர்களும் உண்டு. முழுக் குர்ஆனையும் மனனம் செய்த ஹாபிழ் றமழானில் தராவீஹ் தொழுவிக்கும்போதுகூட, பிசகினால் எடுத்துக்கொடுக்கப் பின்னால் இன்னொரு ஹாபிழ் நிற்பார். பொல்லடியும் அப்படித்தான். தாளம் தப்பினால் எதிரே நிற்பவனின் பொல்லு விரலில் விழும். அண்ணாவியாரின் பார்வை அதற்கு முன்பே விழுந்திருக்கும்.

கிட்டார்ப் பொடியனுக்கு இப்படித் திரும்பக் கேட்கும் காது இல்லை. போன் பாடும், அவன் வாசிப்பதைக் கேட்காது.

நம் ஊர்களில் இந்தக் குறை இரட்டிப்பாகிறது. சாய்ந்தமருதானாலும் நிந்தவூரானாலும் அக்கரைப்பற்றானாலும், பாடசாலையில் அழகியல் பாடம் என்றால் பெரும்பாலும் சித்திரம்தான். றபானுக்குக் கிடைக்கும் சலுகை நரம்புக் கருவிக்கு வீட்டில் கிடைப்பதில்லை. அது ஹறாமா, மக்றூஹா என்ற வாதத்துக்குள் நான் இறங்கவில்லை. அதை உலமாக்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் பேசுவது விளைவைப் பற்றி. கதவைச் சாத்திவிட்டு, போனைத் தலையணையில் சாய்த்து, வாப்பாவுக்குக் கேட்காதபடி மெதுவாகத் தட்டுகிறான். யார் காதிலும் விழக்கூடாது என்றே பழகுகிற வாசிப்பை யார் திருத்துவது?

அந்தப் போனின் ஸ்பீக்கர் கீழ்ச்சுரங்களைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். கிட்டாரின் தடித்த நரம்பு 82 ஹேர்ட்ஸ், பேஸ் கிட்டாரினுடையது 41. இரண்டுமே அதில் ஒழுங்காக வராது. இப்போது கோர்ட்டுகளைப் பாருங்கள். சி மேஜரில் சி, ஈ, ஜி. ஏ மைனரில் ஏ, சி, ஈ. மூன்றில் இரண்டு சுரம் பொது. பாட்டின் அந்த இடத்தில் இருப்பது எது என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் பேஸ்தான். அது காதில் விழாதவன் ஏ மைனர் வேண்டிய இடத்தில் சி மேஜரைப் போட்டுவிட்டுப் போவான். பல இடங்களில் அது குரலோடு பெரிதாக உரசாது என்பதால் பிழை என்றே தெரியாது. அடுத்த தடவையும் அதே பிழை வரும், இன்னும் சரளமாக. பாட்டிலிருந்த சோகம் எங்கே போயிற்று என்று கேட்டால் "என்னமோ குறையுது" என்பான். விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் அரை நிமிட வேலை.

பெருநாள் இரவு நிகழ்ச்சியொன்றில் இதன் மறுபக்கத்தைக் கண்டேன். ஏ சுருதியில் பழகிய பாட்டு. பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் அரைச்சுரம் இறக்கச் சொன்னார். ஜி கோர்ட்டுகளைப் பிடித்து முதல் ஃப்ரெட்டில் காப்போவைப் போட்டால் காரியம் முடிந்தது. பொடியன் காப்போவைக் கையில் எடுத்துப் பார்த்தான். அது சுருதியை ஏற்றும், இறக்காது என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். ஆறு நரம்பையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தத் தொடங்கினான். சனம் கச்சான் வாங்கப் போய்விட்டது. கீபோர்ட்காரர் ஒரு பொத்தானை அமத்திவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைச் சொன்னால் உடனே பீட்டில்ஸை இழுப்பார்கள். அவர்களுக்கு நோட்ஸ் வாசிக்கத் தெரியாதுதான். ஆனால் 1960 முதல் ஹம்பர்க் விடுதிகளில் ஒருவர் பிழையை மற்றவர் கேட்டபடி இரவிரவாக வாசித்தவர்கள் அவர்கள். பிறகு பக்கத்தில் ஜோர்ஜ் மார்ட்டின் இருந்தார். 1965இல் 'யெஸ்டர்டே' பாட்டின் வயலின் பகுதிகளைத் தாளில் எழுதிக்கொடுத்தவர் அவர். அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராக வாசித்துத் திரிந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் போய் மாணவராக உட்கார்ந்தார். அவ்வளவு தூரம் எதற்கு? சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவிலிருக்கும் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்தர், யாழ் நரம்புகளின் சுருதிக்குக் கணக்கையும் சாட்சிக்கு வைத்துத்தான் 1947இல் 'யாழ் நூல்' தந்தார். நம் பொடியனுக்கோ சாட்சியே வேண்டாம்.

ஆசான் இல்லாத ஊரில் என்னதான் செய்வது என்று கேட்கலாம். வாசித்ததைப் பதிந்து மூலப் பாட்டோடு வைத்து, நல்ல ஸ்பீக்கரில் கேட்கலாம். கூட வாசிக்கும் இன்னொருவனிடம் காட்டிக் குறை கேட்கலாம். பதிகிறார்கள்தான், டிக்டொக்கில் போட. அதன் கீழே வரிசையாக இதயங்கள் விழுகின்றன. இரண்டாவது வரியில் ஏ மைனர் வரவேண்டும் என்று எழுதிய ஒருவரை இன்னும் நான் காணவில்லை.