ஓர் அட்டைத் துண்டு

நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்புக் கொல்லைகளில் தோகையின் அடியில் சிறிய அட்டைத் துண்டு ஒன்று பின் அடித்துத் தொங்கும். தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். ஒட்டியிருப்பது பசையில் தூவிய அந்துப்பூச்சி முட்டைகள். ஒரு சி.சி. அளவில் 10,000-க்கும் மேல் இருக்கும். உடைத்த கம்புத் தானியத்தில் அந்துப்பூச்சியை வளர்த்து, முட்டையைச் சலித்து, செதிலை ஊதி நீக்கி, அட்டையில் சீராகத் தூவ வேண்டும். கோலமாவு இழுத்துப் பழகிய கை இதற்குத் தோது என்று எனக்குத் தோன்றும். ரவை நிறத்து முட்டைகளில் டிரைக்கோகிரம்மா குளவி தன் முட்டையை வைத்துவிட்டால், நாலாம் நாள் அட்டை எள் பரப்பியதுபோல் கறுத்துவிடும். அந்தக் கறுப்பைப் பார்த்தால்தான் வளர்த்தவர்களுக்கு மூச்சு வரும்.

ஏழெட்டு நாளில் குளவிகள் வெளிவரும். அரை மில்லிமீட்டர்தான், கொட்டத் தெரியாது. குளவி என்ற பேரே அதற்குக் கொஞ்சம் அதிகம். சத்தமில்லாமல் தோகை தோகையாக நடந்து, கரும்பைத் துளைக்கும் இடைக்கணுப் புழு பிறக்கவேண்டிய முட்டையைத் தேடிப்பிடித்துத் தன் முட்டையை அதற்குள் வைக்கும். காட்டிலும் இதே வேலைதான்: தேக்கிலையை அரிக்கும் புழுக்களுக்கு எதிராக ஜபல்பூர் வெப்பமண்டல வன ஆராய்ச்சி நிலையம் இந்தப் பேரினக் குளவியைப் பயன்படுத்தியிருக்கிறது. ஒன்று மட்டும் கவனம். வெயில் படாமல், எறும்பு ஏறும்முன், குளவி வெளிவரும் நாள் பார்த்துக் கட்டவேண்டும். மருந்தடித்த கொல்லையில் கட்டினால் அத்தனை பேர் உழைப்பும் வெறும் அட்டைதான்.